கதைகளில் பெண்ணும் ஆணும்: எம் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்?



இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு ஒன்றில், "ஒரு விவசாயியின் படத்தை வரையுங்கள்" என்று நாம் கேட்டோம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தோளில் மண்வெட்டியுடன் ஓர் ஆணையே வரைந்தார்கள். அந்நேரம் அவர்களின் தாய்மார் பலர், கூலிக்கு வெங்காயம் நட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். தகப்பனை இழந்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். தங்களுக்குச் சோறு போடும் கைகளை அவர்கள் ஏன் வரையவில்லை?

பிள்ளைகள் கண்ணால் காண்பதைக் கொண்டு மட்டும் உலகை அறிவதில்லை. அம்மம்மா சொல்லும் கதையும், பாடப்புத்தகப் படமும், தொலைக்காட்சியில் வரும் காட்டூனும் அவர்களுக்கு ஆசிரியர்களே. உடலால் வரும் வேறுபாடு பால். சமூகம் கற்பிக்கும் வேறுபாடு பால்நிலை. பிள்ளை பெறுவது பெண்ணின் உடலுக்கு உரியது. ஆனால் சமைப்பது பெண்ணின் வேலை, காணிக் கந்தோருக்குப் போவது ஆணின் வேலை என்பது நாம் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதை மாற்றிக் கற்கவும் முடியும்.

எம் பிள்ளைகள் பார்க்கும் சில கதைகளை மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்ப்போம்.

1. யார் உழைக்கிறார்? யார் காத்திருக்கிறார்?

ஜெர்மனியின் கிறிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஸ்னோ வைற் கதையை, 1937இல் வோல்ற் டிஸ்னி நிறுவனம் தனது முதலாவது முழுநீளக் காட்டூன் படமாக்கியது. ஏழு குள்ளர்கள் சுரங்கத்துக்குப் போகிறார்கள். அவள் வீட்டைக் கூட்டிச் சமைக்கிறாள். நச்சு அப்பிளைத் தின்று மயங்கியபின், இளவரசன் வரும்வரை அசையாது கிடக்கிறாள். 1950இல் வெளிவந்த சிண்டரெல்லா படத்தின் நாயகியும் விடியமுதல் எழும்பி மாடாய் உழைக்கிறாள். அந்த உழைப்பு அவளுக்கு விடிவு தரவில்லை. சப்பாத்துக்குள் சரியாக நுழைந்த கால்தான் தந்தது.

இரு கதைகளிலும் கொடுமைக்காரி மாற்றாந்தாய். போரினால் தாயை இழந்து, சின்னம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் எம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளையின் மனதிலும் அந்தச் சின்னம்மாவின் மனதிலும் இக்கதை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

2. யார் பேசுகிறார்?

டென்மார்க் எழுத்தாளர் அன்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னி கதையில், மனிதக் கால்களைப் பெறுவதற்காக அவள் தன் நாக்கையே கொடுக்கிறாள். 1989இல் வந்த டிஸ்னி படத்தில் தன் குரலைக் கொடுக்கிறாள். பேசாத பெண்ணாகவே ஒரு ஆணின் அன்பைத் தேட வேண்டியவள் ஆகிறாள்.

அமெரிக்க மொழியியலாளர்களான கார்மன் ஃபோட், கேரன் ஐசன்ஹவர் ஆகிய இருவரும் இத்தகைய படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார் என்று எண்ணிப் பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த அவர்களது கணக்கின்படி, கடற்கன்னி படத்தின் பேச்சில் 68 வீதம் ஆண் பாத்திரங்களுடையது. போருக்குப் போகும் பெண்ணைப் பற்றிய முலான் (1998) படத்தில்கூட அது 77 வீதம். சகோதரிகளின் அன்பைப் போற்றும் ஃபுரோசன் (2013) படத்தில் 59 வீதம். கதாநாயகி பெண்ணாக இருந்தாலும், அவளைச் சுற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்களே. எமது கிராமக் கூட்டங்களும் இப்படித்தான் அல்லவா? பாயில் நிறைந்திருப்போர் பெண்கள். எழும்பிப் பேசுவோர் ஆண்கள்.

3. யார் முடிவெடுக்கிறார்?

சிங்க அரசன் (1994) படத்தில் நாலா என்னும் பெண்சிங்கம், விளையாட்டுச் சண்டையில் சிம்பாவை வீழ்த்தக்கூடியவள். காட்டிலும் வேட்டையின் பெரும்பங்கைச் செய்வது பெண்சிங்கங்களே. ஆயினும் படத்தில் நாடு மீள்வதற்கு ஆண் வாரிசு திரும்பிவர வேண்டியிருக்கிறது. எம் குடும்பங்கள் பலவற்றில் அந்த வாரிசு திரும்பி வரவில்லை. பெண்ணே காணிக்கும் கடனுக்கும் கையொப்பம் இடுகிறாள். காத்திருக்கவும் வாய்மூடவும் மட்டுமே கற்ற மகள், நாளை அதிகாரி முன் எப்படி நிமிர்ந்து பேசுவாள்?

ஆண்பிள்ளைக்கும் இழப்பே

கதையின் இளவரசன் எப்போதும் வெல்ல வேண்டும், அழக்கூடாது. இதைக் கேட்டு வளர்ந்த ஆண், காணியையும் தொழிலையும் இழந்தபோது தன் துயரை யாரிடமும் சொல்ல முடியாதவன் ஆகிறான். அந்தத் துயர் சாராயமாகவும் அடியாகவும் வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம்.

வேதாகமத்தின் ஐந்து சகோதரிகள்

எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் ஐந்து புதல்வியர் வருகிறார்கள். தகப்பன் பாலைநிலத்தில் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. அவர்கள் மோசேக்கும் குருவுக்கும் முழுச் சபைக்கும் முன்னே வந்துநின்று, தகப்பனின் காணிப்பங்கைத் தமக்குத் தருமாறு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவரே தீர்ப்பளித்தார். ஊர் விட்டு ஊர் நடந்த ஒரு மக்கள் கூட்டத்தின் கதை இது. எம் பிள்ளைகளுக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

வீட்டில் என்ன செய்யலாம்?

காட்டூனை நிறுத்திவிடத் தேவையில்லை. பிள்ளையோடு கூட இருந்து பாருங்கள். முடிந்ததும் மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சிண்டரெல்லாவைத் தேடி எவரும் வராவிட்டால் அவள் என்ன செய்திருப்பாள் என்று பிள்ளையையே சொல்ல விடுங்கள். காகமும் வடையும் கதையைச் சொல்லும்போது காகத்தோடு நின்றுவிடாதீர்கள். வடை சுட்டு விற்றுத் தன் காலில் நின்ற பாட்டியைப் பற்றியும் பேசுங்கள். இடம்பெயர்ந்த நாட்களில் அம்மா எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார், அப்பா எப்போது அழுதார் என்பவற்றையும் கதையாகச் சொல்லுங்கள். அவையே எம் பிள்ளைகளுக்கு மிக வேண்டிய கதைகள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பிள்ளை விரும்பும் கதையில் பெண் என்ன செய்கிறாள்? ஆண் என்ன செய்கிறான்?
2. உங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் கொடுக்கும் வேலைகள் எவை? ஏன் அப்படிப் பிரித்தீர்கள்?
3. அடுத்த மாதர் சங்க, கமக்காரர் சங்கக் கூட்டங்களில் இதுவரை பேசாத ஒருவரைப் பேச வைக்க நாம் என்ன செய்யலாம்?