எவ்வளவு தப்புகிறது என்று முதலில் பாருங்கள்

கள்ளக்குறிச்சியில் நான் ஸ்டுடியோ வேலை கற்ற காலத்தில், டார்க் ரூம் டைமர் ஒன்று எங்களைப் பல வாரம் அலைக்கழித்தது. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய கிராலாப். பத்து விநாடி வைத்து என்லார்ஜரை எரியவிட்டால் படம் கறுத்து வந்தது. தாளைக் குறை சொன்னோம்; டெவலப்பரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தோம். ஊட்டித் தொழிற்சாலையின் ‘இந்து’ போட்டோத் தாளில் ஒரு பெட்டி வீணான பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டைமரின் 60 விநாடி, கடிகாரத்தில் 72.

அந்த மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டைமரில் பழுதே இல்லை. 12 விநாடி வேண்டுமானால் பத்தில் வைத்தால் போதும். அன்று திறந்திருந்தால் நல்ல மோட்டாரைக் கெடுத்திருப்பேன்.

அதிலிருந்து, எந்த டைமர் வந்தாலும் முதலில் மூன்று முறை ஓடவிட்டுப் பார்ப்பேன். மூன்று முறையும் ஒரே அளவு தப்பினால், கணக்கைச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுவேன். முறைக்கு ஒரு நேரம் காட்டினால்தான் ஸ்குரூடிரைவரை எடுப்பேன்.

பழைய எலக்ட்ரானிக் டைமர் பலவற்றில் நேரத்தைத் தீர்மானிப்பது ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்தான். 555 சிப் உள்ளதில் இரண்டையும் பெருக்கி, 1.1ஆல் பெருக்க வேண்டும். ஒரு மெகா ஓமும் 100 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்தால் 110 விநாடி. வயதான கெபாசிட்டர் உள்ளே காய்ந்தால் நேரம் குறையும். கசிந்தால் நீளும், சில சமயம் விளக்கு அணையவே அணையாது. அதே மைக்ரோ ஃபாரடில், வோல்ட் குறையாததாகப் பார்த்து மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்காதீர்கள். பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்து இறக்கிய பிறகே தொட வேண்டும். ரிலே முனை கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத் துண்டை இடையில் விட்டு இழுத்தாலே போதும்.

டைமரைப் போல லைட் மீட்டரும் தப்பும்; அதற்கு எதிரி ஈரம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மழைக்காலத்தில் படமெடுத்துவிட்டு வந்தால், அதை உறையோடு பெட்டியில் பூட்டி வைக்கவே கூடாது. வெஸ்டன் போன்ற செலினியம் மீட்டருக்கு பேட்டரி கிடையாது. முள் அசையாவிட்டால், செலினியம் தகடு செத்தது என்று முடிவுகட்டுமுன் அதைத் தொடும் இணைப்பில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தகடே செத்திருந்தால் உயிர்ப்பிக்க வழியில்லை. மேகமில்லாத உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் எஃப் 16க்கு 1/125 அளவில் காட்ட வேண்டும். அங்கே சரியாக இருந்து, அறைக்குள் மட்டும் குறைத்துக் காட்டும் மீட்டர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் சோதியுங்கள்.

பழைய லூனாசிக்ஸ் போன்ற பேட்டரி மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரச செல்லை நம்பிச் செய்தவை. அதற்குப் பதில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் அளவு தப்பும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 செல் 1.4 வோல்ட், ஏறத்தாழ ஒத்துப்போகும், ஆனால் ஒட்டுச்சீட்டைப் பிரித்த சில மாதத்தில் தீர்ந்துவிடும். செல் கசிந்து வெள்ளை படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய மீட்டர் இருந்தால் இன்றே பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். செல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது பாதரச செல்லாக இருந்தால் குப்பையிலோ நெருப்பிலோ போட்டுவிடாதீர்கள்.