சுடாமலேயே விரிசல் விட்ட தோட்டாக்கள்

கேள்வி: பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தோட்டாக்களில், பித்தளை உறைகள் சுடும் முன்பே விரிசல் விட்டனவாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். தோட்டா உறைக்கான பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அதைக் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி இழுத்துக் குழலாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, இறுக்கம் மிகுந்த இடங்களில் பித்தளையைப் பிளந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1921இல் இந்தக் காரணத்தை விளக்கினார்கள்.

தீர்வு இரண்டு: உறையை அளவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது, அமோனியா அண்டாத உலர்ந்த இடத்தில் வைப்பது. இன்றைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தில் தெரியும் நீலப் பழுப்பு நிறம் அந்தச் சூட்டின் தடம்தான்.

அமெரிக்காவில், சுட்ட உறைகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்துவோர் அமோனியா கலந்த பாலிஷைத் தவிர்ப்பதும் இதனால்தான். விரிசல் விட்ட உறைக்குப் பழுதுபார்ப்பு கிடையாது; கழித்துக் கட்ட வேண்டியதுதான்.