நெஞ்சுக்குள் மின்பெட்டி வைத்த பிள்ளை கைத்தொலைபேசி தொடலாமா?



இருதய நோய் வயசானவங்களுக்குத்தான் வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிறவியிலேயே இருதயத் துடிப்பு குறைந்த பிள்ளைகளும் உண்டு. இருதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு துடிப்பு தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. இவர்களில் சிலருக்கு டாக்டர்கள் உடம்புக்குள் ஒரு சிறு மின்பெட்டியை வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை போனைத் தொடலாமா, பாட்டுக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் போனை உடம்பில் எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பெட்டி இரண்டு வகை

முதலாவது பேஸ்மேக்கர். துடிப்பு மெதுவானால் சிறு மின்சாரம் கொடுத்து இருதயத்தைத் துடிக்க வைக்கும். 1958இல் சுவீடன் நாட்டில் அர்னே லார்சன் என்பவருக்குத்தான் இது முதன்முதலாக உடம்புக்குள் வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43. பிறகு 20க்கும் மேற்பட்ட பெட்டிகளை மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார்.

இரண்டாவது ஐ.சி.டி. துடிப்பு கட்டுக்கடங்காமல் ஓடி உயிருக்கு ஆபத்து வரும்போது, மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிப்படுத்தும்.

காந்தம் என்ன செய்யும்?

டாக்டர்கள் சோதிப்பதற்கு வசதியாக, இந்தப் பெட்டிகள் காந்தத்தை உணரும்படி செய்யப்பட்டவை. காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் பொதுவாக, இருதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்க்காமல் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும். ஐ.சி.டி. பெரும்பாலும், காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை அதிர்ச்சி கொடுக்கும் வேலையை நிறுத்திவைக்கும். திருடன் வரும் நேரத்தில் காவல்காரன் தூங்கினால் எப்படி? அதுதான் ஆபத்து.

அந்தக் காந்தம் ஹெட்போனில் இருக்கிறது, சில புதிய கைத்தொலைபேசிகளின் பின்புறத்தில் இருக்கிறது, டேப்லெட் உறையில் இருக்கிறது, கோயில் திருவிழாவில் வைக்கும் பெரிய ஸ்பீக்கரிலும் இருக்கிறது.

2008இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் 60 நோயாளிகளின் நெஞ்சுப் பெட்டிக்கு மேல் ஹெட்போனை வைத்துப் பார்த்தார்கள். 14 பேருக்குப் பெட்டியின் வேலை மாறியது. ஹெட்போனை எடுத்ததும் பெரும்பாலும் பழையபடி சரியானது. 2021இல் இன்னொரு அமெரிக்க மருத்துவமனையில் காந்தம் பதித்த ஐபோன் 12ஐ நெஞ்சருகில் கொண்டுவந்தபோது, ஐ.சி.டி. தன் காவலை நிறுத்தியது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கைத்தொலைபேசியையும் கைக்கடிகாரக் கணினியையும் பெட்டியிலிருந்து 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர், தள்ளி வைக்கும்படி அறிவுரை கூறியது.

பெரியவர் கையால் ஒரு சாண் அளந்தால் அந்த 6 அங்குலம் தாராளமாகவே அதில் அடங்கிவிடும். வீட்டில் அளவுகோல் தேட வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. போனைச் சட்டைப் பையில் போடக்கூடாது. பெட்டி இடப்பக்கம் இருந்தால் வலது காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

2. ஹெட்போன் காதில் இருக்கலாம். கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டால் நேராக நெஞ்சுக்கு வந்துவிடும். அது வேண்டாம்.

3. சின்னப் பிள்ளைகளுக்குப் பெட்டியைப் பெரும்பாலும் வயிற்றில்தான் வைப்பார்கள். ஆகவே டேப்லெட்டை வயிற்றில் சாய்த்துப் படம் பார்ப்பதும், அப்படியே தூங்கிவிடுவதும் கூடாது. மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.

4. கம்பியில்லாமல் சார்ஜ் செய்யும் தட்டு இருந்தால் ஒரு பள்ளிக்கூட ரூலர் நீளம், 30 சென்டிமீட்டர், தள்ளி இருக்கட்டும்.

5. பெட்டியைச் சோதிக்கும் நாளில் போனையும் ஹெட்போனையும் தள்ளி வையுங்கள். 2008இல் போஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் 51 பேரைச் சோதித்தார்கள். பாட்டுக் கருவி பெட்டியின் வேலையைக் கெடுக்கவில்லை. ஆனால் டாக்டரின் கணினியும் பெட்டியும் பேசிக்கொள்வதில் பலருக்குக் குழப்பம் உண்டாக்கியது.

6. ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டி அட்டை எப்போதும் பிள்ளையிடம் இருக்கட்டும். பள்ளி ஆசிரியருக்கும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

போன் பக்கத்தில் இருக்கும்போது தலை சுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே அதைத் தள்ளி வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளை மயங்கி விழுந்து, கூப்பிட்டும் எழவில்லை என்றால் தாமதிக்காமல் 999க்கு அழையுங்கள். சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

பயந்துபோய் எல்லாவற்றையும் பிடுங்கி வைப்பதும் நல்லதல்ல. தடுத்தால் பிள்ளை ஒளித்து வைத்துக் கேட்கும். போர்வைக்குள், நெஞ்சுமேல் வைத்துக் கேட்கும். அது இன்னும் மோசம். காரணத்தைச் சொன்னால் பத்து வயசுப் பிள்ளைக்கும் விளங்கும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "என் பிள்ளைக்கு வைத்திருப்பது எந்த வகை? காந்தம் பட்டால் என்ன செய்யும்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடமும் கொடுங்கள்.