பெட்டியில் ஒரு கணக்கு, சுவரில் ஒரு கணக்கு

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் திரைப்படம் என்பது ஒரு காலத்தில் தோட்டமே கூடிக் காணும் நிகழ்ச்சியாக இருந்தது. திடலில் இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டப்படும். மக்கள் பாயும் பலகையும் கொண்டுவந்து முன்னதாகவே இடம் பிடித்துக்கொள்வர். ஆனால், நன்றாக இருட்டிய பிறகே படம் தொடங்கும். வெள்ளைத் துணிக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. சூரிய ஒளி விழும் வரையில், கருவி அனுப்பும் ஒளி அதனுடன் போட்டியிட முடியாது. இந்த எளிய உண்மையைத் தோட்டத்துச் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

இன்று அந்தக் கருவி சாப்பாட்டுப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. புரொஜெக்டர் என்று வழக்கில் அழைக்கப்படும் படவீழ்த்தியை மேசைமீது வைத்து, வீட்டுச் சுவரையே திரையாக்கிக்கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து திரையரங்குகள் மூடப்பட்டபோது, வீட்டிலேயே ஒரு பெரிய திரை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் பல குடும்பங்களில் எழுந்தது. கருவி சுருங்கியது, ஆனால் அதன் பெட்டியில் அச்சிடப்படும் எண்களோ பெருத்துக்கொண்டே போகின்றன. அந்த எண்களை எப்படிப் படிப்பது என்று அறியாதவர் உழைத்துச் சேர்த்த பணத்தை இழக்க நேரிடும்.

ஒரு குடும்பம், இரண்டு பெட்டிகள்

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாத்தா, பாட்டி, பெற்றோர், இடைநிலைப்பள்ளியில் பயிலும் இரு பிள்ளைகள் என ஆறு பேர். தீபாவளிக்குள் வீட்டில் ஒரு பெரிய திரை அமைக்க வேண்டுமென்று ரி.ம. 1,500 சேர்த்து வைத்திருக்கின்றனர். இணையச் சந்தையில் ஒரு படவீழ்த்தி ரி.ம. 399-க்கு விற்கப்படுகிறது. அதன் பெட்டியில் '9000 லூமன், 4கே' என்று பெரிய எழுத்தில் காணப்படுகிறது. மற்றொன்றின் விலை ரி.ம. 1,400. அதில் '400 ஆன்சி லூமன், 1920 × 1080' என்று மட்டுமே உள்ளது. எண்ணை மட்டும் பார்த்தால் மலிவான கருவியே இருபது மடங்கு சிறந்ததாகத் தோன்றும். விலையோ அதற்கு நேர்மாறாக இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த எண் எப்படி அளக்கப்பட்டது?' என்பதாகும்.

லூமனும் லக்ஸும்

ஒரு கருவி வெளியிடும் மொத்த ஒளியை லூமன் எனும் அலகால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது எத்தனை லூமன் ஒளி விழுகிறது என்பதே லக்ஸ். ஒரே அளவு ஒளியைச் சிறிய திரையில் பாய்ச்சினால் படம் பளிச்சென்று தெரியும். பெரிய திரையில் பரப்பினால் மங்கிவிடும். ஒரு கரண்டி மாவைச் சிறிய தோசையாகவும் ஊற்றலாம், கல் முழுவதும் பரப்பியும் ஊற்றலாம். பரப்பப் பரப்பத் தோசை மெல்லியதாவதைப் போன்றதே இதுவும்.

ஒளியை அளப்பதற்கு அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தது. அதன்படி, வெள்ளைப் படத்தைத் திரையில் வீழ்த்தி, அதை ஒன்பது சம கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் லக்ஸ் அளவை எடுத்து, அவற்றின் சராசரியைத் திரையின் பரப்பளவால் பெருக்க வேண்டும். அவ்வாறு கிடைக்கும் விடையே 'ஆன்சி லூமன்' எனப்படுகிறது. அனைத்துலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் 21118 எனும் எண்ணுடைய தரநிலையில் இத்தகைய அளவீட்டு முறையை வரையறுத்துள்ளது. பெட்டியில் 'ஆன்சி' அல்லது 'ஐ.எஸ்.ஓ.' என்ற சொல் இல்லாமல் வெறுமனே 'லூமன்' என்றிருந்தால், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்ல இயலாது. கண்ணாடி வில்லைகளைக் கடந்து திரைக்கு வருமுன் உள்ளிருக்கும் விளக்கு வெளியிடும் ஒளியாகவும் அது இருக்கலாம். விளம்பரத்திற்காக எழுதப்பட்ட எண்ணாகவும் இருக்கலாம்.

இது மலிவான கருவிகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. ஜப்பானின் எப்சன் நிறுவனம், சீனாவின் எக்ஸ்ஜிமி நிறுவனம் அறிவித்த ஒளி அளவைக் குறித்து அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2023-ஆம் ஆண்டில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அதையடுத்து, ஹொரைசன் புரோ எனும் படவீழ்த்திக்கு அறிவிக்கப்பட்டிருந்த 2200 லூமன், 1500 ஐ.எஸ்.ஓ. லூமன் எனத் திருத்தப்பட்டது. கருவி மாறவில்லை, எண் மட்டுமே மாறியது.

வீட்டில் செய்யும் சோதனை

ஒளியை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பள்ளி அறிவியல் கூடத்தில் லக்ஸ்மானி இருந்தால் நல்லது. இல்லையெனில் திறன்பேசியின் ஒளி உணரியைப் பயன்படுத்தும் செயலி ஒன்றே போதும். அது துல்லியமாக இராது. ஆயினும் இரண்டு கருவிகளை ஒப்பிட உதவும்.

16:9 விகிதத்தில் 80 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 1.77 மீட்டர், உயரம் 1 மீட்டர். ஆகவே, அதன் பரப்பளவு 1.77 சதுர மீட்டர். இருட்டறையில், மலிவான கருவியின் ஒன்பது கட்டங்களில் எடுத்த சராசரி 65 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 65-ஐ 1.77-ஆல் பெருக்கினால் வருவது 115. அதாவது, 9000 லூமன் என்று சொல்லப்பட்ட கருவி திரைக்கு அனுப்பியது 115 லூமன் மட்டுமே. 400 ஆன்சி லூமன் கருவி தன் சொல்லைக் காப்பாற்றினால், அதே திரையில் 226 லக்ஸ் கிடைக்கும்.

அடுத்து, அறையின் ஒளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலில் சன்னலின் வழி வரும் ஒளி சுவர்மீது 150 லக்ஸ் விழுவதாகக் கொள்வோம். படத்தின் கறுப்புப் பகுதியில் அந்த 150 லக்ஸ் இருக்கும். வெள்ளைப் பகுதியில் கருவியின் ஒளியும் அதனுடன் சேரும். நல்ல கருவியைப் பயன்படுத்தினாலும் வெள்ளை, கறுப்பைவிட 2.5 மடங்குதான் ஒளிரும். மலிவான கருவியில் அது 1.4 மடங்காகக் குறைந்துவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அறை ஒளி 5 லக்ஸாகக் குறைந்ததும் நிலைமை தலைகீழாக மாறுகிறது. நல்ல கருவி 46 மடங்கு வேறுபாட்டைக் காட்டும். மலிவான கருவியும் 14 மடங்கு காட்டும். திரையை 60 அங்குலமாகச் சுருக்கினால் அது 24 மடங்காக உயரும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, விலை உயர்ந்த கருவியும் பகல் வெளிச்சத்தை வெல்ல முடியாது. இரண்டாவது, மலிவான கருவி பயனற்றது அன்று. இருட்டறையில் சிறிய திரைக்கு அது உதவக்கூடும். அதன் குறை, அது தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணில்தான் இருக்கிறது.

கண்ணும் காதும் தரும் சான்று

'4கே' என்ற சொல்லையும் இதே போன்று ஆராய வேண்டும். 4கே படத்தில் 3840 × 2160, அதாவது 82 இலட்சத்திற்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. ஆனால், '4கே ஆதரவு' என்பது அத்தகைய கோப்பைக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதையே குறிக்கும். உள்ளே இருக்கும் படத்தகடு 854 × 480 மட்டுமே என்றால், சுவரில் விழுவது ஏறத்தாழ 4 இலட்சத்து 10 ஆயிரம் புள்ளிகளே. ஆகவே, 'இயல்பான தெளிவுத்திறன்' என்று குறிக்கப்பட்ட எண்ணைக் கேட்டறிய வேண்டும். இதற்கு நம் நாட்டில் எளிய சோதனை ஒன்று உண்டு. தமிழ்ப் படத்தின் அடியில் வரும் மலாய்த் துணைவரிகளைத் திரையின் நான்கு மூலைகளுக்கு அருகிலும் வைத்துப் படித்துப் பார்க்கலாம். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் கலங்கலாகவும் இருந்தால், வில்லையின் தரம் குறைவு என்று பொருள். தாத்தா தம் இருக்கையில் அமர்ந்தபடியே அதைப் படிக்க முடிகிறதா என்பதே இறுதி முடிவு.

கருவியை வைக்கும் இடமும் முக்கியம். வீழ்த்து விகிதம் 1.2 என்றால், 1.77 மீட்டர் அகலமுள்ள படத்திற்குக் கருவி சுவரிலிருந்து 2.1 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நாற்காலியோ நடைபாதையோ இருந்தால் தொல்லைதான். கருவியைச் சாய்வாக வைத்துவிட்டுப் படத்தின் கோணலைத் தானியங்கி வசதியால் சரிசெய்யலாம். ஆனால் அதனால் படப்புள்ளிகளும் ஒளியும் சிறிது வீணாகும். நேராக வைப்பதே நல்லது. விசிறியின் ஓசை உரையாடலை மறைக்கிறதா என்பதையும் அரைமணி நேரமாவது ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கருவி சூடேறிய பிறகுதான் விசிறி வேகமெடுக்கும்.

கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் கருவியைப் பார்க்கச் செல்கிறது அக்குடும்பம் என்று கொள்வோம். கடையின் இருண்ட மூலையில் 40 அங்குலப் படம் அழகாகத் தெரிவதில் வியப்பில்லை. 80 அங்குலத்திற்கு விரித்துக் காட்டுமாறும், ஒரு விளக்கைப் போடுமாறும் கேட்பது பயனீட்டாளரின் உரிமை. நேர்மையான வணிகர் அதற்கு மறுக்கமாட்டார்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

வைஃபை, புளூடூத் வசதியுள்ள கருவி, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்றிதழ் முத்திரையைப் பெற்றுள்ளதா என்று பார்க்க வேண்டும். உத்தரவாதத்தை நம் நாட்டில் யார் ஏற்கிறார்கள் என்பதையும் எழுத்துவடிவில் பெற வேண்டும். இணையத்தில் விற்போர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டுமென மின்வணிக விதிமுறைகள் கூறுகின்றன.

பொருளின் தரத்தைப் பற்றித் தவறான கருத்தைத் தரும் விளம்பரங்களை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஏமாற்றப்பட்டவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். ரி.ம. 50,000 வரையிலான கோரிக்கையை அங்கு ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். விளம்பரப் பக்கத்தின் படம், பற்றுச்சீட்டு, தாமே எடுத்த ஒளி அளவுகள் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருப்பவரின் வாதம் அங்கு வலுப்பெறும்.

இறுதியில் அக்குடும்பம் எதை வாங்கும்? பாட்டி பகலில் தொடர் நாடகம் பார்ப்பவர் என்றால், ரி.ம. 1,500-க்குள் கிடைக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே பொருத்தமானது. அதன் திரை தானே ஒளிரும். சன்னலை மூட வேண்டியதில்லை. வார இறுதி இரவுகளில் ஆறு பேரும் சேர்ந்து படம் பார்ப்பதே நோக்கம் என்றால், 400 ஆன்சி லூமன் படவீழ்த்தியும் அடர்த்தியான திரைச்சீலையும் போதும். விடை கருவியில் மட்டும் இல்லை. அறையிலும், அக்குடும்பத்தின் பழக்கத்திலும் இருக்கிறது. பெட்டியில் உள்ள எண்ணை நம்புவதற்கு முன் அதைச் சுவரில் அளந்து பார்ப்பதே அறிவுடைய பயனீட்டாளரின் செயல்.

கருத்துணர் கேள்விகள்

1. தோட்டப்புறத்தில் இருட்டிய பிறகே படம் காட்டப்பட்டதற்கான காரணத்தை விளக்குக.

2. 'கருவி மாறவில்லை, எண் மட்டுமே மாறியது.' இக்கூற்று உணர்த்தும் கருத்து யாது?

3. ஒரு படவீழ்த்தி 100 அங்குலத் திரையில் (பரப்பளவு 2.76 சதுர மீட்டர்) சராசரியாக 90 லக்ஸ் ஒளியைத் தருகிறது. அதன் லூமன் அளவைக் கணக்கிடுக.

4. உமது வீட்டு வரவேற்பறைக்குப் படவீழ்த்தி ஏற்றதா, தொலைக்காட்சி ஏற்றதா? மூன்று காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.