மூலிகைத் தேநீரும் எதிர்ப்பு சக்தியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் நிலவேம்புப் பொடியும் கபசுரக் குடிநீர்ப் பொடியும் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கடற்கரையை ஒட்டிய கஃபேக்களில் துளசி, இஞ்சி, எலுமிச்சைப்புல் தேநீர். குடிப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: எதிர்ப்பு சக்தி ஏறும்.

நம்பிக்கை: தினம் ஒரு டம்ளர் குடித்தால் நோய் அண்டாது.

உண்மை: எதிர்ப்பு சக்தி என்பது ஒற்றைச் சக்தி அல்ல. வெள்ளணுக்கள், எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்த வேலை எல்லை மீறினால் நம் உடம்பையே தாக்கும். முடக்குவாத மூட்டுவலி அப்படி வருவதுதான். மூலிகைச் சாறு ஆய்வுக்கூடத்தில் செல்களைத் தூண்டலாம். ஆனால் டம்ளரில் குடிப்பது குடலையும் கல்லீரலையும் கடந்து ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பது வேறு கணக்கு.

அதற்காகக் கஷாயம் வீண் என்று சொல்லமாட்டேன். 2008-ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழப் பானத்தைச் சூடாகவும் சூடில்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தபோது தொண்டை வலியும் குளிரும் அசதியும் உடனே தணிந்தன. அளந்து பார்த்தால் மூக்கடைப்பில் மாற்றமில்லை. அதில் மூலிகையே கிடையாது. இதம் தந்தது சூடு.

நம்பிக்கை: நிலவேம்பு குடித்தோம், காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை.

உண்மை: உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை இது. டெங்குவில் 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் தானாகவே இறங்கும். சிலருக்கு ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான்: ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும், தட்டணுக்கள் குறையும். உடம்பு தொட்டால் குளிர்ந்திருக்கும். வீட்டில் எல்லோரும் கஷாயத்தைப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு வைரஸை ஒழிக்கும் தனி மருந்து இன்னும் இல்லை. நீர்ச்சத்தை அளந்து கொடுத்துக் கண்காணிப்பதுதான் சிகிச்சை. அதை வீட்டு அடுப்பில் செய்ய முடியாது. டெங்குவைப் பரப்பும் கொசு போன்ற பூச்சிகளை ஆராய்வதற்கென்றே 1975 முதல் மத்திய அரசின் நிறுவனம் இயங்கும் ஊர் புதுச்சேரி. மாடித் தொட்டியில் தேங்கிய நீரைக் கொட்டுவது எந்தக் கஷாயத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

நம்பிக்கை: மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது.

உண்மை: கரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு பல ஊர் மருத்துவமனைகளிலிருந்தும் இதே போன்ற பதிவுகள் வந்தன. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. மூலிகைத் தேநீரில் சேர்க்கும் அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

இதத்துக்காகக் குடிப்பவர்கள் குடியுங்கள். ஆனால் ஜிப்மர் மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ போகும்போது என்ன கஷாயம், எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.