மூன்று சிறு கணினிகள், ஒரு பெட்டகம்

பாட்டி பாடிய தாலாட்டு, தங்கையின் புதுநன்மைப் படங்கள், தாத்தா எழுதிய கடிதங்கள். இன்று இவையெல்லாம் ஒரே வன்தட்டில் அடங்கிவிடுகின்றன. ஒரு நாள் அத்தட்டு பழுதானால்? வருந்திப் பயனில்லை. முன்கூட்டியே காக்கும் வழி ஒன்றை இங்கே கற்போம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், மாணவர் கணினி பயில்வதற்கென உருவாகி 2012இல் விற்பனைக்கு வந்தது 'ராஸ்பெர்ரி பை' என்னும் ஒற்றைப் பலகைக் கணினி. அதன் நீளம் சுமார் 85 மி.மீ., அகலம் 56 மி.மீ. மட்டுமே. 8 கிகாபைட் நினைவகம் கொண்ட நான்காம் வகையில் மூன்று, வன்தட்டுகள் மூன்று, அவற்றை இணைக்க ஒரு வலையமைப்புச் சுவிட்ச் ஆகியவை நமக்குப் போதும். அக்கணினியின் யு.எஸ்.பி. துளைகள் யாவும் சேர்ந்தே 1.2 ஆம்பியர் மின்னோட்டம்தான் தரும். ஆகவே வன்தட்டுகளுக்குத் தனி மின்னிணைப்புத் தருவது நன்று.

இம்மூன்றையும் ஒன்றாக இயக்குவது 'செஃப்' என்னும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பவர் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்தது இது. ஒவ்வொரு கோப்பையும் கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் மூன்று பிரதிகளை மூன்று கணினிகளில் வைக்கிறது. ஒரு வன்தட்டு பழுதானாலும் வேலை நிற்காது. புதியதை இணைத்ததும் இழந்த பிரதியை மீண்டும் எழுதிக்கொள்ளும்.

இரண்டு கணினிகள் போதாவா? போதா. இரண்டுக்கும் இடையே தொடர்பு அறுந்தால், எது கூறுவது சரி என்று தீர்மானிக்க இயலாது. மூன்று இருந்தால் இரண்டின் ஒப்புதல் பெரும்பான்மையாகிறது. தனித்துப்போனது எழுதாமல் ஒதுங்கி நிற்கும்.

ஆனால் பாதுகாப்புக்கு விலையுண்டு. 1 டெராபைட் தட்டுகள் மூன்று வாங்கினாலும் நமக்குக் கிடைக்கும் இடம் 3 டெராபைட் அன்று. ஏறக்குறைய 1 டெராபைட்தான்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். நாம் கைதவறி ஒரு படத்தை அழித்தால், மூன்று பிரதிகளும் ஒருங்கே அழிந்துவிடும். வீட்டில் தீயோ வெள்ளமோ நேர்ந்தால் மூன்று தட்டுகளும் சேர்ந்தே போகும். இயந்திரப் பழுதிலிருந்து இத்தொகுதி நம்மைக் காக்கும். நமது கவனக்குறைவிலிருந்து காக்காது. ஆகையால் மாதம் ஒருமுறை வேறொரு தட்டில் படியெடுத்து, அதை அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ கொடுத்து வைப்போம். அப்பொழுதுதான் பாட்டியின் தாலாட்டு நம் பேத்தியர் காதிலும் ஒலிக்கும்.