வீட்டில் சாரைப்பாம்பு நுழைந்தால் செய்யத்தக்கது யாது?

அறுவடையான நெல் வீடு வந்து சேர்ந்ததும், அதன் பின்னே எலி வருகிறது. எலியின் பின்னே பாம்பு வருகிறது. வீட்டில் பாம்பைக் கண்டோம் என்ற கூக்குரல் எழுந்தவுடன் அண்டை அயலார் தடியுடன் ஓடிவருவதும், அது எவ்வினத்தது என்று ஆராயாமலே அடித்துக் கொல்வதும் கிராமங்களில் வழக்கமாக இருக்கின்றன. இவ்வழக்கத்தால் குடியானவருக்கு இருவகை நஷ்டம் உண்டு. பாம்பு தீங்கற்றதாயின், எலிக்குப் பகைவன் ஒழிந்து எலி பெருகும். விஷமுள்ளதாயின், அடிக்கச் சென்றவரே கடிபட நேரும். ஆகையால், வீடுகளில் அடிக்கடி புகும் விஷமற்ற சாரையைப் பற்றியும், அதைக் கண்டபோது நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் சங்க அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. சாரையை அறியும் விதம்

சாரை நீண்டு மெலிந்த பாம்பு. நன்கு வளர்ந்தது ஆறு அல்லது ஏழடி நீளமிருக்கும். அதற்கு மேற்பட்டதும் உண்டு. நிறம் மஞ்சள் கலந்த பழுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ, கறுப்புக்கு அண்மையதாகவோ இருக்கலாம்; ஆதலால் நிறத்தைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் ஆகாது. கண் பெரிது; கண்மணி வட்டமானது. கழுத்து ஒடுங்கியிருப்பதால் தலை தனியே தெரியும். உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள் காணப்படும். உடலின் பிற்பகுதியில் குறுக்கே கருவரிகள் இருக்கும். சாரை பகலில் இரை தேடுவது. மிக விரைவாக ஓடுவது.

படம் எடுக்கவில்லை என்பதனால் மாத்திரம் ஒரு பாம்பைச் சாரை என்று கொள்ளுதல் தவறு. நல்ல பாம்பு எப்போதும் படம் விரித்துக்கொண்டிருப்பதில்லை. அவ்வாறே, கட்டுவிரியனையும், சுவரேறிப் பல்லி தின்னும் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனையும் மக்கள் ஒன்றோடொன்று மயங்குகின்றனர். கட்டுவிரியன் பளபளப்பான கருநிறமுடையது. அதன் வெண்ணிற வளையங்கள் வாற்பக்கத்தில் தெளிவாயிருக்கும். வரையனோ பெரும்பாலும் பழுப்பு நிறத்தது. அதன் வளையங்கள் கழுத்துப்பக்கத்தில் தெளிந்து, வால் நோக்கிச் செல்லச் செல்ல மங்கிவிடும். இரவில் விளக்கொளியில் இவ்வேற்றுமையைக் காண்பது அரிது. சிறிதேனும் சந்தேகம் உண்டாயின், விஷப்பாம்பென்றே கொண்டு விலகி நிற்பதுதான் விவேகம்.

2. சாரையினால் வரும் நன்மை

வளர்ந்த சாரையின் முக்கிய உணவு எலி. வரப்பிலும் களத்திலும் வளை தோண்டும் எலி, தான் தின்பதோடு நில்லாமல் கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் சேமித்தும் வைக்கிறது. அதன் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரமே. ஓர் ஈற்றில் பல குட்டிகளை இடுகிறது. நாம் கைவிட முடியாத வளைக்குள் சாரை தானே நுழைந்து எலியைப் பிடிக்கிறது. கூலி கேளாத இக்காவற்காரனை அடித்துவிட்டு, எலி நஞ்சு வாங்கக் கடைக்குச் செல்வது வீண்செலவன்றோ? அன்றியும், 1972ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாரை பாதுகாக்கப்பட்ட பிராணியாகும்.

3. சில தவறான நம்பிக்கைகள்

சாரை ஆண் என்றும், நல்ல பாம்பு பெண் என்றும், இரண்டும் பிணைவதுண்டு என்றும் பலர் நம்புகின்றனர். இவை இருவேறு இனங்கள், ஒன்றோடொன்று இணைவதில்லை. நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு காணப்படுபவை பெரும்பாலும் தம்முள் பலம் பார்க்கும் இரு ஆண் சாரைகளே. சாரை வாலில் விஷமுண்டு என்பதும் உண்மையன்று. வாசலில் ஆகாசகருடன் கிழங்கைக் கட்டினால் பாம்பு அணுகாது என்று நம்பி எலிவளையை அடைக்காமல் விடுவோர் வீட்டில், எலியும் நிற்காது, பாம்பும் நிற்காது.

4. வீட்டிற் கண்டபோது செய்ய வேண்டியவை

முதலாவது, குழந்தைகளையும் நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளையும் வெளியேற்றுக. இரண்டாவது, உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, வெளிவாசற் கதவை நன்கு திறந்து வைக்க. மூன்றாவது, ஒருவர் மட்டும் பத்தடிக்குக் குறையாத தூரத்தில் அசையாது நின்று, அது செல்லும் வழியைக் கவனிக்க. கூட்டமும் கூச்சலும் இல்லையாயின், சாரை பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். கல்லெறிதல், புகையிடுதல், மண்ணெண்ணெய் ஊற்றுதல் ஆகியவை அதை மூலையில் ஒடுங்கச் செய்யுமேயன்றி வெளியேற்றா. மடக்கப்பட்ட சாரை கழுத்தை உப்பச்செய்து சீறும், கடிக்கவும் செய்யும். வெளியேறாவிடின் வனத்துறையினருக்கோ தீயணைப்பு நிலையத்தாருக்கோ செய்தி அனுப்புக. பழக்கமில்லாதவர் கையாற் பிடிக்க முயலலாகாது.

5. கடி நேர்ந்தால்

தீங்கற்ற பாம்பு கடித்தவர் மந்திரித்தாலும் பிழைப்பார், மந்திரிக்காவிடினும் பிழைப்பார். விஷப்பாம்பும் சில சமயங்களில் விஷத்தைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. இவ்வாறு பிழைத்தவர்களைக் காட்டியே மந்திரவாதி பெயர் பெறுகிறார். அப்பெயரை நம்பி, உண்மையில் கட்டுவிரியன் கடித்தவரை அவரிடம் கொண்டு செல்லும்போது, வைத்தியத்துக்குரிய நேரம் கழிந்து உயிர் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணித்துள்ளது. இது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேராகும். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகளே.

ஆகவே, எப்பாம்பு கடித்தது என்று உறுதியில்லாதபோது உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமற் செய்க. மோதிரம், வளையல்களைக் கழற்றுக. இறுகக் கயிறு கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் கூடாது. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்குதலும் கூடாது. கட்டுவிரியன் கடியில் நோவும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றா. வயிற்றுவலியும் கண்ணிமை சோர்தலுமே பின்னர்க் காணும். வலியில்லை என்று வீட்டிலிருந்துவிடுதல் பேராபத்து.

6. சங்கத்தின் கடமை

பாம்பு விஷயத்தில் ஐக்கியத்தின் பலனுக்கு நம்மிடையே ஓர் உதாரணம் உண்டு. இருளர் மக்கள் முன்னர்த் தோலுக்காகச் சாரை முதலிய பாம்புகளைப் பிடித்து ஜீவித்தனர். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்படவே பிழைப்பிழந்தனர். 1978இல் ராமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால், மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இச்சங்கத்தார் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்தைக் கொண்டே விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. கொன்று விற்ற காலத்தைவிட, உயிருடன் விடுவதே அவர்களுக்கு ஜீவனமும் நாட்டுக்கு நன்மையுமாயிற்று.

நமது சங்கங்களும் தம் அளவில் செய்யத்தக்கவை உள. ஒரு வீட்டார் மட்டும் எலியை ஒழித்தால் அது அடுத்த வீட்டுக்குப் போகும். ஆதலால் ஊர் முழுவதும் ஒரே நாளில் வளைகளை அடைத்துக் கிட்டிப்பொறிகளை வைத்தல் நலம். நஞ்சுண்ட எலியைத் தின்று சாரையும் மடியக்கூடுமாகையால் பொறியே மேலானது. நெற்குதிரையும் பத்தாயத்தையும் தரையினின்று உயர்த்தி வைக்க வேண்டும். விறகையும் வறட்டியையும் சுவரோரமாக அடுக்காமல் தள்ளி அடுக்க வேண்டும். ஜலதாரை வாயில் கம்பிவலை பொருத்த வேண்டும். தரையிற் படுப்போர் கட்டிலும் கொசுவலையும், இரவில் நடப்போர் கைவிளக்கும் பெறச் சங்கம் உதவலாம்.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

(1) நமது ஊரில் சென்ற வருஷம் அடிக்கப்பட்ட பாம்புகளில் விஷமற்றவை எத்தனை இருக்கலாம்?

(2) விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரி எது? நடு இரவில் அங்கே செல்ல வாகனம் தரக்கூடியவர் யார்?

(3) எலியொழிப்புக்கு எந்த நாளைக் குறிக்கலாம்?

இம்மூன்றாம் வினாவுக்கு விடை காணாமல் கூட்டம் கலையலாகாது. எலி குறைந்த வீட்டைப் பாம்பு நாடாது.